கேட்காமல் அழிக்கும் கட்டளை

புதியம்புத்தூர் ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர். அங்கே சட்டைகளுக்கு எம்பிராய்டரி டிசைன் போட்டுத் தரும் இளைஞர் ஒருவர் லினக்ஸ் பழகிக்கொண்டிருந்தார். “விண்டோஸ்ல அழிச்சா ரீசைக்கிள் பின்ல போய்க் கிடக்கும். இது ஏம்ணே ஒரு வார்த்தை கேக்காம அழிச்சிருது?” என்றார். நியாயமான கேள்வி. பதில் தேடிப் பழைய யூனிக்ஸ் கையேடுகளுக்குள் போனேன்.

‘ஆர்எம்’ என்ற அந்தக் கட்டளை, பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டிலேயே இருக்கிறது. அது நீக்குவது ஃபைலின் பெயரை. கடைசிப் பெயரும் போய்விட்டால் ஃபைலும் போச்சு. அன்று திரை கிடையாது. நொடிக்குப் பத்தெழுத்து அடிக்கும் டெலிடைப்தான், அதுவும் காகிதத்தில். அந்த வேகத்தில் வளவளவென்று பேசும் நிரலை யார் பொறுப்பார்கள்? இன்னொரு காரணமும் உண்டு. ராத்திரியில் ஆளில்லாமல் ஓடும் ஸ்கிரிப்ட், நடுவில் ஒரு கேள்வி கேட்டால் விடியும்வரை அங்கேயே நிற்கும்.

ஆனால் ஆர்எம் கேட்கவே கேட்காது என்பதும் சரியில்லை. 1979-இல் வந்த ஏழாம் பதிப்புக் கையேட்டைப் பார்த்தால், எழுதும் அனுமதி இல்லாத ஃபைலை அழிக்கப்போகும்போது நின்று கேட்கிறது. சின்ன ‘ஐ’ சேர்த்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்கிறது. ‘எஃப்’ சேர்த்தால் வாயைத் திறப்பதில்லை. தவறிப்போய் மேலடைவையும் (மேலே உள்ள ஃபோல்டரையும்) சேர்த்து அழித்துவிடாதபடி ஒரு தடை வைத்து, அதற்கான காரணத்தைச் சிறு நக்கலோடு எழுதியும் இருக்கிறார்கள். யாரோ கை சுட்டுக்கொண்ட பிறகுதான் அந்த வரி வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் எப்போதும் சின்ன ‘ஐ’ போட்டுவிடலாமே? ரெட் ஹாட் லினக்ஸில் நிர்வாகியின் ரூட் கணக்கில், ‘ஆர்எம்’ என்று அடித்தாலே சின்ன ‘ஐ’யும் சேரும்படி மாற்றுப்பெயர் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் நாற்பது ஃபைலுக்கு நாற்பது முறை ‘ஒய்’ அடித்த விரல், நாற்பத்தோராவதைப் படிக்காமலே அடிக்கும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்தது இன்னும் மோசம். ஒரு பொறியாளர் இரண்டாவது டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து, முதன்மைச் சர்வரின் அடைவை அழித்தார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. “நிச்சயமா?” என்று கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பாரா? ‘ஆமாம்’ என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்குத் துளி சந்தேகமும் இல்லையே. எடுத்துவைத்ததாக நம்பிய பேக்கப்களும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகல் ஒன்று தற்செயலாகக் கிடைத்ததால் மீண்டார்கள்.

இப்படி “நிச்சயமா?” என்று கேட்பதைவிட நல்ல ஏற்பாடு நம் வாக்குச்சாவடியிலேயே இருக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியில் மாதிரி வாக்குகளை அழிக்கும் ‘கிளியர்’ பொத்தானை நினைத்தவுடன் அழுத்திவிட முடியாது. முதலில் ‘குளோஸ்’, அடுத்து ‘ரிசல்ட்’, அதன்பிறகே ‘கிளியர்’. வரிசை மாறினால் ‘இன்வேலிட்’ என்று காட்டும். அது யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. அழியப்போகும் எண்ணிக்கையைக் கண்ணில் காட்டிவிட்டே வழிவிடுகிறது.

லினக்ஸில் இருக்கும் குனு ஆர்எம்மில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது பெரிய ‘ஐ’. மூன்றுக்கு மேல் ஃபைல்கள் இருந்தாலோ, அடைவோடு அழித்தாலோ, மொத்தத்துக்கும் ஒரே ஒரு முறை கேட்கும். கட்டிங் மாஸ்டர் ஒவ்வொரு அடுக்குத் துணிக்கும் நிற்பதில்லை. கத்தியை ஓட்டும் முன் மார்க்கிங்கை ஒரு தடவை பார்த்துக்கொள்வார், அதுபோல. மூல அடைவையே அழிக்கச் சொன்னால் 2006 முதல் குனு ஆர்எம் தானாகவே மறுத்துவிடுகிறது.

ஆக, தம்பி, சின்ன ‘ஐ’யை விட்டுவிட்டுப் பெரிய ‘ஐ’யைப் பழகிக்கொள்ளுங்கள். டிசைன்களுக்கு இன்னொரு டிஸ்கில் நகல் வையுங்கள். அந்த நகலிலிருந்து ஒரு ஃபைலையாவது இந்த வாரமே திறந்து பாருங்கள்.