அப்பாகிட்ட மறைச்ச 308!

ஃப்ரெண்ட்ஸ், ஒரு கற்பனை. செமஸ்டர் ரிசல்ட் வருது. எந்த மார்க்கை வெளியே காட்டணும், எதை அமுக்கணும்னு யுனிவர்சிட்டியே உங்ககிட்ட கேக்குது. எப்படி இருக்கும்? அரியர் கோஷ்டி மொத்தமும் பழநிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்துடும்ல!

நம்ம செமஸ்டர்ல இது நடக்காது. ஆனா, அமெரிக்காவுல எம்.எஸ். படிக்க நினைக்கிறவங்க எழுதுற ஜி.ஆர்.இ. தேர்வுல நிஜமாவே நடக்குது. 2012-லேர்ந்து 'ஸ்கோர் செலக்ட்'னு ஒரு வசதி இருக்கு. ஒரு தடவை எழுதின ஸ்கோர் 5 வருஷம் செல்லும். 21 நாள் இடைவெளி விட்டுத் திரும்ப எழுதலாம். 12 மாசத்துல 5 தடவை வரை அனுமதி. எந்தத் தேதியில எழுதின ஸ்கோரை அனுப்பணும்னு நாமளே முடிவு பண்ணலாம். அனுப்பாத ஸ்கோரைப் பத்தி அந்த யுனிவர்சிட்டிக்கு மூச்சு விட மாட்டாங்க.

கேக்க ஜாலியா இருக்குல்ல? இதை வெச்சு நான் சொந்தக் காசுல... ஸாரி, அப்பா காசுல எப்படி சூனியம் வெச்சுக்கிட்டேன்னு சொல்றேன், கேளுங்க.

அப்பாவுக்கு கோவை கணபதியில சின்னதா ஒரு லேத் பட்டறை. நான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். தேர்வுக் கட்டணம் இருபதாயிரத்துக்கும் மேல. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாங்க.

2023 செப்டம்பர்ல தேர்வைச் சுருக்கிட்டாங்க. இப்போ மொத்தமே 1 மணி 58 நிமிஷம்தான். எழுதி முடிச்சதும், "ஸ்கோரை வெச்சுக்கறீங்களா, கேன்சல் பண்றீங்களா?"னு கம்ப்யூட்டர் கேக்கும். ஸ்கோரைக் கண்ணுல காட்டறதுக்கு முன்னாடியே கேக்கும், அதான் கொடுமை. வெச்சுக்கறேன்னு அமுக்கினேன். இங்கிலீஷ் 143, கணக்கு 165. ஆகமொத்தம் 340-க்கு 308.

170-க்கு 143 வாங்கினா பரவாயில்லையேன்னு நினைக்கறீங்களா? அங்கே ஸ்கோர் ஆரம்பிக்கறதே 130-லதான் பாஸ்! தேர்வு அன்னிக்கே 4 யுனிவர்சிட்டிக்கு ஸ்கோரை இலவசமா அனுப்பலாம். ஒண்ணுக்குக்கூட அனுப்பாம எந்திரிச்சு வந்துட்டேன்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அப்பா, "எப்படிக் கண்ணு எழுதுன?"ன்னார்.

வாயில வந்ததைச் சொன்னேன். "நடுவுல கம்ப்யூட்டர் நின்னுபோச்சுப்பா. திரும்பவும் காசு கட்டி எழுதணுமாம்."

அப்பா கொதிச்சுட்டார். "அவிய மெஷின் நின்னா நாம எதுக்குக் காசு கட்டோணும்? கெளம்பு, நான் வந்து கேக்கறேன்!"

அவரைத் தடுத்து உட்கார வைக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு. கடைசியில, லேத்துக்குப் புது சக் வாங்க எடுத்து வெச்சிருந்த பணத்தை என் கையில கொடுத்தார். அப்போவாவது உண்மையைச் சொல்லியிருக்கணும். சொல்லலை.

21 நாள் முடிஞ்ச அடுத்த நாளே தேதி போட்டேன். ராத்திரி பகலா இங்கிலீஷ் வார்த்தைகள் மட்டும்தான். கணக்குப் பக்கம் திரும்பவே இல்லை. தேர்வு அன்னிக்கு அப்பாவே எக்ஸெல்ல கூட்டிட்டுப் போனார். "இந்தத் தடவை மெஷின் நின்னா நான் பாத்துக்கறேன்"னு எதிர் டீக்கடையில உட்கார்ந்துட்டார்.

இங்கிலீஷ் 152, கணக்கு 161. மொத்தம் 313. அப்பாடா! நாலு யுனிவர்சிட்டியைத் தேர்ந்தெடுத்தேன். "இன்னிக்கு எழுதின ஸ்கோர் மட்டுமா, 5 வருஷத்துல எழுதின எல்லாமுமா?"னு கேட்டுச்சு. யோசிக்கவே இல்லை. இன்னிக்கு ஸ்கோர் மட்டும்! அந்த 143 யார் கண்ணுலயும் படக் கூடாது.

வெளியே வந்தா, அப்பா டீ டம்ளரோட எந்திரிச்சு நிக்கறார். "மெஷின் நிக்கலயே கண்ணு?"

அவ்வளவுதான், நடுரோட்டுல அழுதுட்டேன். எல்லாத்தையும் கொட்டினேன். அப்பா திட்டலை. ஆனா, வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

சாயங்காலம் பட்டறைக்குக் கூப்பிட்டார். "ரெண்டு மார்க்கையும் எழுதிக் காட்டு" என்றார். பில் புக் பின்பக்கத்துல எழுதினேன். வெர்னியர்ல அளவு பாக்கற மாதிரி ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டுக் கேட்டார்.

"மொதல்லதுல கணக்கு நல்லா இருக்குதே. நீ படிக்கப் போறது மெஷின் படிப்பு. இதையெதுக்கு மறைச்சே?"

திக்குனு ஆச்சு. 143-ஐ மறைக்கற அவசரத்துல 165-ஐயும் சேர்த்து மறைச்சிருக்கேன்! ஒரு தேதியில எழுதின ஸ்கோர் முழுசாத்தான் போகும். இதுல இங்கிலீஷ், அதுல கணக்குனு பிச்சு அனுப்ப முடியாது. அன்னிக்கு ராத்திரிதான் நாலு துறைகளோட விதிகளையும் ஒழுங்காப் படிச்சேன். ரெண்டு துறைகள், பல ஸ்கோர் வந்தா ஒவ்வொரு பகுதியிலும் கூடுதலானதைப் பாப்போம்னு சொல்லியிருந்தாங்க. அன்னிக்கே ரெண்டையும் அனுப்பியிருந்தா இலவசம். இப்போ தனியாக் கட்டணம் கட்டி முதல் ஸ்கோரை அனுப்பினேன். மாணவ நிருபரா நான் வாங்கின முதல் சன்மானம் அதுக்கே சரியாப் போச்சு.

ஸோ, எழுதப் போற மக்களே... முதல்ல உங்க துறை ஜி.ஆர்.இ. கேக்குதான்னு பாருங்க. 2020-ல கொரோனா வந்த பிறகு நிறைய துறைகள் அதைக் கட்டாயம் இல்லைனு ஆக்கிட்டாங்க. ரெண்டு ஸ்கோர் இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு தேர்வுக்கு முன்னாடியே படிங்க. புரியலைன்னா மெயில் போட்டுக் கேளுங்க. 21 நாள்ல திரும்ப எழுத விடறாங்கங்கிறதுக்காக, 21 நாள்ல படிச்சு முடிச்சுடலாம்னு அர்த்தம் இல்லை.

முக்கியமா, யுனிவர்சிட்டிக்கு எதை வேணா அனுப்புங்க. வீட்டுக்கு எல்லாத்தையும் சொல்லிடுங்க. உங்களுக்கு அவமானமாத் தெரியற மார்க்குல, அப்பா கண்ணுக்கு வேற ஏதாவது தெரியலாம்.

"வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்துல உங்களுக்குப் புது சக்குப்பா"ன்னு சொல்லியிருக்கேன். "மொதல்ல சீட்டு கிடைக்கட்டும் கண்ணு"ன்னு சிரிக்கறார். அதுவரைக்கும் பழைய சக்லதான் ஓடுது பட்டறை.