இரும்பு விலைக்குப் போன கோபால்ட்

மேற்கு டெல்லியின் மாயாபுரியில் எதுவும் குப்பை இல்லை. நசுங்கிய கார், தேய்ந்த பேரிங், கிழிந்த தகரம் எல்லாவற்றுக்கும் கிலோவுக்கு ஒரு விலை உண்டு. 2010 பிப்ரவரியில் டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலம் விட்ட பழைய கருவி ஒன்றும் அப்படித்தான் அங்கே வந்து சேர்ந்தது. காமா செல் என்பது அதன் பெயர். கனடாவில் தயாரானது. 1985க்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஈயமும் எஃகுமாகக் கனத்துக் கிடந்த அந்தப் பெட்டி காயலான் கடைக்காரருக்கு நல்ல சரக்கு. தொழிலாளர்கள் ஈயத்தைத் தனியே பிரித்தார்கள். உள்ளே இருந்த உலோகத்தை வெட்டினார்கள். அதுதான் கோபால்ட்-60.

ஏப்ரலில் தோல் கறுத்து, முடி கொட்டி, ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. கருவிகளோடு வந்த அணுசக்தித் துறையினர் பல இடங்களிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒரு துண்டு ஒருவரின் பர்ஸுக்குள் இருந்தது. மீட்டவை நரோரா அணுமின் நிலையத்துக்குப் போயின. தொழிலாளி ஒருவர் அந்த மாதமே இறந்துபோனார்.

கோபால்ட்-60ன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. அதாவது 1985ல் இருந்த வீரியத்தில் 2010ல் மிஞ்சியது ஏறக்குறைய 27ல் ஒரு பங்குதான். ஆளைக் கொல்ல அதுவே போதுமானதாக இருந்தது. இந்தக் கணக்கைப் போட ஒரு பென்சிலும் இரண்டு நிமிடமும் போதும். ஆனால் போடுவதற்கு, உள்ளே இருப்பது என்ன என்று யாருக்காவது நினைவிருக்க வேண்டும். பெட்டிக்குள் கதிரியக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. வெளியே அதைப் பற்றிய நினைவு அதைவிட வேகமாகத் தேய்ந்துவிட்டது. விபத்து நடந்தது அந்த இடைவெளியில்.

அதே 2010ன் கடைசி நாளில், மும்பை ட்ராம்பேயில் சைரஸ் ஆராய்ச்சி உலை நிரந்தரமாக மூடப்பட்டது. இதுவும் கனடாவின் உதவியால் வந்ததுதான். 1960ல் இயங்கத் தொடங்கிய, 40 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட உலை. 1974 போக்ரான் சோதனைக்குப் புளூட்டோனியம் தந்ததும் இதுவே. பல்கலைக்கழகத்து மூலையில் கிடந்த பெட்டிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் மூடிய மறுநாள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுக்கும் ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கிறது? எவ்வளவு? எத்தனை காலத்துக்கு?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதே ஒரு தனித் தொழில். நோயாளியின் உடம்பில் கத்தி வைப்பதற்கு முன் மருத்துவர் எடுக்கும் சோதனைகள் போன்றது. முதலில் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். எந்தக் குழாய் எந்த ஆண்டு கசிந்தது, எந்தச் சுவரை எப்போது இடித்துக் கட்டினார்கள் என்று. பிறகு தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அளக்கிறார்கள். சுவரைத் துடைத்த காகிதத்தைச் சோதிக்கிறார்கள். கான்கிரீட்டைத் துளைத்து உருளையாக மாதிரி எடுக்கிறார்கள். மேலே படிந்த கதிரியக்கம் என்றால் கழுவியோ சுரண்டியோ எடுத்துவிடலாம். உலைக்குள் ஆண்டுக்கணக்கில் நியூட்ரான் அடிபட்டு இரும்பே கதிரியக்கமாகிவிட்டால் எதைக் கழுவுவது?

சிக்கல் வேறு இடத்திலும் இருக்கிறது. கோபால்ட் கத்திக் காட்டிக்கொடுக்கும் ரகம். கருவியை நீட்டினால் முள் எகிறும். நிக்கல்-63 ஊமை. அதன் அரை ஆயுள் சுமார் 100 ஆண்டு. கார்பன்-14க்கு 5,730 ஆண்டு. வெளியிலிருந்து நீட்டும் கருவிக்கு இவை தட்டுப்படாது. சில மாதிரிகளை ஆய்வுக்கூடத்தில் கரைத்துப் பார்த்து, இவ்வளவு கோபால்ட் இருந்தால் இவ்வளவு நிக்கல் இருக்கும் என்று விகிதம் கண்டுபிடித்து, மற்றதைக் கணக்கிட வேண்டும். இன்று கத்துகிறவன் அரை நூற்றாண்டில் ஓய்ந்துவிடுவான். ஊமை அப்போதும் உட்கார்ந்திருப்பான்.

தமிழில் கழிவு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று குப்பை, இன்னொன்று தள்ளுபடி. கதிரியக்கக் கழிவில் தள்ளுபடி கிடையாது. மிதமானதைக் கடுமையானது என்று எழுதினால் பணம் விரயம். கண்ணாடியில் உறைய வைத்துக் காக்க வேண்டியது கொஞ்சம்தான். கடுமையானதை மிதமானது என்று எழுதினால் யாரோ உடம்பால் கட்டுவார்கள். இந்தியாவில் அணுமின் நிலையங்களைப் பின்னாளில் அகற்றும் செலவுக்காக, விற்கும் மின்சாரத்தில் யூனிட்டுக்கு 2 பைசா ஒதுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த 2 பைசா போதுமா என்பது சுவருக்குள்ளும் குழாய்க்குள்ளும் என்ன இருக்கிறது என்று அளந்த பிறகே தெரியும்.

அளந்தால் மட்டும் போதாது, எழுதி வைக்கவும் வேண்டும். சீசியம்-137ன் அரை ஆயுள் 30 ஆண்டு. அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய பத்து அரை ஆயுள், அதாவது 300 ஆண்டு வேண்டும். நிலமட்டத்தில் புதைக்கும் கழிவுகளுக்கு அவ்வளவு காலம் காவல் தேவை என்று கணக்கிடுவது இதனால்தான். 300 ஆண்டுக்கு முன் டெல்லியில் முகலாயர் ஆட்சி. அன்று எழுதிய ஒரு கிடங்குப் பதிவேட்டை இன்று நம்பி வேலை செய்ய முடியுமா என்று யோசித்தால் பொறுப்பின் கனம் புரியும். ஒரே துறையில், ஒரே கட்டடத்தில் 25 ஆண்டுகூட நினைவு தாக்குப்பிடிக்கவில்லை.

மறந்த பொருள் ஊர் விட்டு ஊர் போவதும் உண்டு. 2008ல் பிரான்ஸில் லிப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எஃகு இந்தியாவிலிருந்து போனது. எங்கோ ஒரு கைவிடப்பட்ட துண்டு பழைய இரும்போடு உலைக்களத்தில் உருகியிருக்க வேண்டும்.

மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னம் தெரியாதவர் கண்ணுக்கு மின்விசிறிதான். 2007ல் சர்வதேச அணுசக்தி முகமை மண்டையோடும் ஓடும் மனிதனும் கொண்ட புதிய எச்சரிக்கைப் படத்தை அறிமுகம் செய்தது. படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பது நோக்கம். அதிகாரிக்கும் பொறியாளருக்கும் என்று எழுதப்படும் பட்டியல்களும் இந்த நோக்கத்தோடு எழுதப்பட வேண்டியவை. பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் அதைக் கடைசியில் கண்டுபிடிப்பவர் கையில் கருவி இருக்காது, சுத்தியல்தான் இருக்கும்.