சீஆர் கொப்பியில் ஊரின் பாஸ்வேர்ட்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிப் போகும் ஏ9 வீதியில், நாலந்தாவைத் தாண்டி வருகிறது நாவுல. எலஹெர வீதி பிரிகிற சிறிய நகரம். கடைத்தெருவில் நான் நுழைந்தது ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோப் பிரதி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், புதுப் போனில் வாட்ஸ்அப் போட்டுக் கொடுப்பது என எல்லாவற்றுக்கும் சனங்கள் இங்கேதான் வருகிறார்கள்.

மேசையில் ஒரு தடித்த சீஆர் கொப்பி. வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் பாஸ்வேர்ட்களும் அதில் பக்கம் பக்கமாக இருப்பதாகக் கடைக்காரத் தம்பி சொன்னார். "எழுதி வைக்காட்டி மறந்துட்டு வந்து நிப்பாங்க. அவங்களுக்குத்தான் கஷ்டம்." நல்ல மனதோடு செய்கிற வேலைதான். ஆனால் அந்த ஒரு கொப்பி களவு போனால், பல குடும்பங்களின் வங்கிக் கணக்கும் படங்களும் அதோடு போய்விடும்.

ஆட்கள் என்ன பாஸ்வேர்ட் வைக்கிறார்கள் என்று கேட்டேன். "கூடுதலா போன் நம்பர். இல்லாட்டி ஐடென்டிட்டி கார்ட் நம்பர்."

இரண்டாவதுதான் என்னைக் கவலைப்படுத்தியது. நமது பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 1985 ஜனவரி 20இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 85520 என்றே தொடங்கும். பிறந்தநாள் வாழ்த்தையும் வயதையும் ஃபேஸ்புக்கில் பார்த்த எவருக்கும் ஒன்பது எண்களில் ஐந்து தெரிந்துவிடுகிறது. பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையிலும் முதல் ஏழு எண்கள் இதே கணக்குத்தான்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் புதுப் போனோடு வந்தார். கணவர் கட்டாரில். "தம்பி, பழைய போன் தண்ணியில விழுந்துட்டு. எல்லாத்தையும் இதுல போட்டுத் தாங்க." இந்த முறை கொப்பியில் எழுதாமல், எல்லாப் பாஸ்வேர்ட்களையும் பூட்டி வைக்கும் செயலியான பாஸ்வேர்ட் மனேஜர் ஒன்றில் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டேன். இருவரும் சம்மதித்தார்கள்.

எதைத் தெரிவு செய்வது? மூன்று வழிகளை மேசையில் வைத்துப் பேசினோம். அன்ட்ரொய்ட் போனிலேயே இருக்கும் கூகுள் பாஸ்வேர்ட் மனேஜர் காசில்லாதது, இலகுவானது. ஆனால் கூகுள் கணக்கு பறிபோனால் எல்லாம் சேர்ந்து ஆபத்தில் விழும். கீபாஸ், பாஸ்வேர்ட்களைப் பூட்டிய ஒரு கோப்பாக நம் கையிலேயே தருகிறது. எந்த நிறுவனத்தையும் நம்பத் தேவையில்லை, ஆனால் பிரதி எடுத்து வைக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. பிட்வார்டனின் மூல நிரலை யாரும் படித்துப் பார்க்கலாம். காசு கட்டாமலே பல கருவிகளில் பாவிக்கலாம். பாஸ்வேர்ட்கள் இருக்கும் பெட்டகம் நம் போனிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் அவர்களின் சேர்வருக்குப் போகிறது.

போன் அடிக்கடி மாறுகிற, கணவர் வெளிநாட்டில் இருக்கிற அந்த அக்காவுக்கு பிட்வார்டன் பொருந்தும் என்று முடிவெடுத்தோம்.

அடுத்தது பெட்டகத்தைத் திறக்கும் பிரதான பாஸ்வேர்ட். அக்கா ஞாபகத்தில் வைக்க வேண்டியது இது ஒன்றைத்தான். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்ட் மனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளைக் களவாடிச் சென்றார்கள். உள்ளே இருந்த பாஸ்வேர்ட்கள் பூட்டியபடியே இருந்தன. பிரதான பாஸ்வேர்ட் நீளமாகவும் ஊகிக்க முடியாததாகவும் இருந்தவர்களுக்கு அந்தப் பூட்டு காவல். இலேசானதை வைத்தவர்களுக்குப் பெரும் ஆபத்து.

ஆகவே பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம் என்றேன். வீட்டில் அகராதியைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட இடத்தில் ஐந்து சொற்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்கக்கூடாது. அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டலாம். இந்தச் சொற்களைக் கடையில் வாய்விட்டுச் சொல்லவே கூடாது. அக்கா அன்று மாலை வீட்டில் தானே இதைச் செய்வதாகச் சொல்லி, படிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

தம்பி தன் போனில் கணக்குத் திறந்து மீதியைக் காட்டினார். ஒவ்வொரு தளத்துக்கும் செயலியே வெவ்வேறு பாஸ்வேர்ட் உருவாக்கித் தருகிறது. பிறகு நான் மிக முக்கியமாகக் கருதும் பயனைப் பார்த்தோம். சேமித்த வங்கித் தளத்தைத் திறந்ததும் பாஸ்வேர்டை நிரப்பவா என்று கேட்கிறது. முகவரியில் தளத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கேட்பதில்லை. எஸ்எம்எஸ்ஸில் வரும் போலி இணைப்பு நம் கண்ணை ஏமாற்றலாம். அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் செயலியை ஏமாற்றுவது கடினம்.

"பிரதான பாஸ்வேர்டே மறந்து போச்சுன்னா?" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. பிட்வார்டன் நிறுவனத்தாலும் அதை மீட்டுத்தர முடியாது. ஆகவே ஒரு தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் இடத்திலேயே வையுங்கள் என்றேன். இணையக் கள்வனால் அலுமாரிக்குள் கை விட முடியாது. இரண்டாம் பிரதி இல்லாததன் விலையை நாடே கண்டது: 2023இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் மீது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரன்சம்வெயார் தாக்குதல் நடந்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும், பாஸ்வேர்டுக்கு மேல் ஓர் இலக்கமும் கேட்கும் இரண்டாம் படிச் சரிபார்ப்பையும் போட வேண்டும். வங்கி அனுப்பும் ஓடிபி இலக்கத்தை எவருக்கும் சொல்லக்கூடாது, கடைக்காரருக்கும்.

நமது ஊர்களில் இணையத்தின் வாசல் கொமியூனிகேஷன் கடைதான். பாதுகாப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். பாஸ்வேர்ட் தட்ட வேண்டிய நேரத்தில் போனை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் மறுபக்கம் திரும்ப வேண்டும். அதற்குச் செலவில்லை, இன்றைக்கே செய்யலாம். கொப்பியில் இருக்கும் பாஸ்வேர்ட்களை, வருகிற ஒவ்வொருவராக மாற்ற வைத்து, பக்கங்களைக் கிழித்து எரிப்பதாகத் தம்பி சொன்னார். மாற்றுவது முதலில், எரிப்பது பிறகு: அந்த ஒழுங்கை மட்டும் தவறவிடாதீர்கள் என்று சொல்லி விடைபெற்றேன்.