மருந்து அடிக்கிறவருக்கு எப்படி சுகர் வந்தது?

எங்க பக்கம் "மருந்து"ன்னு சொன்னா மூணு அர்த்தம் நட்புகளே. நான் சீட்டில் எழுதித் தர்றது ஒண்ணு. உரக்கடையில் வாங்கித் தோட்டத்தில் அடிக்கிறது இன்னொண்ணு. "மருந்தைக் குடிச்சிட்டான் சார்"னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோவில் தூக்கிட்டு வர்றாங்களே, அது மூணாவது. ரெண்டாவதும் மூணாவதும் பெரும்பாலும் ஒரே பாட்டில்தான்.

இந்தப் பதிவு ரெண்டாவது மருந்தைப் பத்தி. கொஞ்சம் நீளம்.. பொறுமையாப் படிங்க.

நான் வைகை அணைக்குப் பக்கத்தில் பிராக்டிஸ் பண்றேன். அணைக்கு மேற்கே போனா கம்பம் பள்ளத்தாக்கு. திராட்சைப் பந்தல், வாழை, தென்னை, முல்லைப் பெரியாறு தண்ணியில் நெல். மலையேறினா ஏலக்காய். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைச்சது. நாட்டின் மற்ற பல இடங்களில் சீசன் பார்த்துக் காய்க்கும் பழம், இங்கே வருஷம் பூரா வெட்டுறாங்க. பெருமைதான். ஆனா வருஷம் பூரா காய்ச்சா வருஷம் பூரா பூச்சியும் வரும், சாம்பல் நோயும் வரும். மருந்தும் அடிச்சுக்கிட்டே இருக்கணும்.

அப்படி அடிக்கிற ஒருத்தர் வந்தார். நாப்பது வயசு. ஒல்லி. வெறும் வயித்தில் சர்க்கரை 210.

"எங்கப்பனுக்கும் இல்ல, ஆத்தாளுக்கும் இல்ல. நாள் பூரா வெயில்ல நிக்கிறேன். உக்காந்து திங்கிற ஆளுக்கு வர்ற நோய் எனக்கு எப்பிடி சார்?"

"என்ன வேலை அண்ணே?"

"தோட்ட வேலை."

"தோட்டத்துல என்ன வேலை?"

"மருந்தடிப்பேன் சார். இருபது வருசமா."

கையுறை போட்டா வேர்க்குது, வழுக்குது. முகத்துக்குத் துண்டு. டேங்க் ஒழுகினா முதுகு நனையும், அது பழகிப் போச்சு. அடிச்ச அன்னிக்கு ராத்திரி தலை கிறுகிறுங்கும், வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கும். "மோர் குடிச்சாச் சரியாயிரும் சார்."

தலை கிறுகிறுப்பும் எச்சில் ஊறுவதும் ஆர்கனோபாஸ்பேட் நஞ்சின் ஆரம்ப அறிகுறிகள். நரம்பு வேலை செய்ய உதவும் அசிட்டைல்கோலின் என்கிற பொருளை உடைக்கும் எஸ்டரேஸ் என்சைமை இந்த ரசாயனம் முடக்குது. பூச்சியும் அப்படித்தான் சாகுது. ஊர்ல அதுக்கு மோர்.

சரி, சர்க்கரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பூச்சிமருந்து குடிச்சு வர்றவங்களைப் பார்க்கும் டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயம் உண்டு. அதுவரை சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் அந்த நேரத்தில் சர்க்கரை எகிறி நிக்கும். சிறுநீரிலும் இறங்கும். உயிர் பிழைச்சுத் தேறினதும் பெரும்பாலும் இறங்கிடும். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கு. ஒரே நாளில் நிறைய உள்ளே போனா இப்படின்னா, இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமா போனா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இல்லை. நம்ம மதுரையில். காமராசர் பல்கலைக்கழகத்தில் கணேசன் வேல்முருகன், சுப்பையா ராமசாமி உள்ளிட்ட குழு செய்த ஆய்வு, 2017 ஜனவரியில் ஜீனோம் பயாலஜி இதழில் வந்தது. கிராமங்களில் 3,080 பேரைப் பார்த்தாங்க. பூச்சிமருந்தோடு நேரடியாகப் புழங்குறவங்களில் சர்க்கரை நோய் 18.3 சதவீதம். அப்படிப் புழங்காதவங்களில் 6.2 சதவீதம். கிட்டத்தட்ட மூணு மடங்கு.

ரத்தத்தில் ஆர்கனோபாஸ்பேட் எச்சம் கூடக் கூட மூணு மாத சராசரி சர்க்கரையும் கூடியிருந்தது. ஆனா எஸ்டரேஸ் அளவுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இல்லை! பூச்சிமருந்து உடம்பைப் பாதிச்சிருக்கான்னு பார்க்க நாங்க வழக்கமா எடுக்கிற டெஸ்ட் அந்த எஸ்டரேஸ்தான். அது நார்மல்னு வந்தா "ஒண்ணும் இல்ல, போய்ட்டு வாங்க" என்போம். நரம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு மட்டும்தான் அந்த ரிப்போர்ட் சொல்லுது. சர்க்கரையைப் பத்தி அது வாயே திறக்கலை.

அடுத்து எலிகள். 180 நாள் ஆர்கனோபாஸ்பேட் கொடுத்தாங்க. எஸ்டரேஸில் பெரிய மாற்றம் இல்லை, ஆனா சர்க்கரையைக் கையாளும் திறன் கெட்டுப் போச்சு. காரணம் எங்கே இருந்தது தெரியுமா? குடலில்! நம்ம குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இந்த மருந்தை உடைச்சுத் தின்னுது. அப்போ அசிட்டிக் அமிலம் மாதிரியான கொழுப்பு அமிலங்கள் உண்டாகுது. அந்த அமிலம் புதுசா குளுக்கோஸ் தயாரிக்கும் வேலையை உடம்பில் தூண்டி விடுது. அந்த எலிகளின் குடல் பாக்டீரியாவை எடுத்து மருந்தே படாத எலிகளுக்கு மாத்தினாங்க. அதுகளுக்கும் சர்க்கரை கெட்டது.

(அசிட்டிக் அமிலம்னதும் வினிகர் பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அது வேற கணக்கு.)

என் பேஷண்டுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். மனிதர்களில் பார்த்தது தொடர்பு. எலியில் பார்த்தது வழிமுறை. ரேஷன் அரிசி மூணு வேளை, பரம்பரை, தூக்கம், பீடி எல்லாம் சேர்ந்துதான் ஒருத்தருக்குச் சர்க்கரை வருது. ஆனா "வாக்கிங் போங்க"ன்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா? பதினஞ்சு லிட்டர் டேங்கை முதுகில் தூக்கிட்டு நாளெல்லாம் பந்தலுக்கு அடியில் நடக்கிற மனுஷன் அவர். நோயாளியின் வாயையும் வயித்தையும் மட்டும் குத்தம் சொல்லும் வைத்தியம் இந்த மாதிரி ஆட்கள் முன்னாடி நொண்டியடிக்குது.

ஹார்மோன் விஷயத்தில் அளவு பற்றிய நம்ம கணக்கே வேற மாதிரி இருக்கணும். "கொஞ்சம்தானே பட்டுச்சு, ஆள் சாகலையே" என்பது பூச்சிமருந்தைப் பத்தின ஊர் நியாயம். நம்ம ரத்தத்தில் கட்டுப்படாமல் ஓடும் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு தெரியுமா? நூறு மில்லி ரத்தத்தில் ஒண்ணு, ஒண்ணரை நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடி பங்கு போட்டா அதில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான இடத்தில் நுழைஞ்சு குழப்ப ஒரு ரசாயனத்துக்கு ஆளைக் கொல்லும் அளவு தேவையே இல்லை. இப்படிச் செய்யும் ரசாயனங்களைத்தான் எண்டோகிரைன் டிஸ்ரப்டர் என்கிறோம். தமிழில் சொன்னா ஹார்மோன் குழப்பிகள். 1991ல் அமெரிக்காவில் தியோ கோல்போர்ன் கூட்டிய விஞ்ஞானிகள் கூட்டத்தில்தான் அந்தப் பேரே புழக்கத்துக்கு வந்தது.

நம்ம மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அதன் வடகோடியில் காசர்கோடு. முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவைக் கொல்ல இருபது வருஷத்துக்கும் மேலா ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளிச்ச ஊர். அகமதாபாத்தில் இருக்கும் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அங்கே 10 முதல் 19 வயசு வரையுள்ள 117 பையன்களைப் பரிசோதிச்சு, அந்த மருந்து படாத ஊரின் 90 பையன்களோடு ஒப்பிட்டது. முடிவு 2003ல் வெளியானது. மருந்து பட்ட பையன்கள் வயசுக்கு வர்றது தள்ளிப் போயிருந்தது. வயசுக் கணக்கைச் சரி செய்து பார்த்தாலும் டெஸ்டோஸ்டிரோன் குறைவு. அதைத் தூண்டும் மூளைச் சுரப்பியின் எல்எச் அதிகம்.

அதாவது மேலிருந்து "சுர.. சுர.."ன்னு கட்டளை போகுது. கீழே சுரக்க மாட்டேங்குது.

அந்தப் பையன்கள் யாரும் மருந்தடிக்கலை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தாங்க, அவ்வளவுதான். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று நாடு முழுக்கத் தடை செய்தது.

திராட்சைக்கு வருவோம். உரக்கடையில் "எம்-45" என்று கேட்டா தரும் மஞ்சள் பொடி, மேன்கோசெப். பூஞ்சாணத்துக்கு அடிக்கிறது. அது உடைஞ்சு உண்டாகும் எத்திலீன்தயோயூரியா, தைராய்டு ஹார்மோன் தயாராகும் இடத்திலேயே கை வைக்குது. ஹார்மோனைக் குழப்பும், கருவைப் பாதிக்கும் என்ற காரணங்களைச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் இதுக்கு அனுமதி நீட்டிக்க மறுத்துட்டது. இங்கே கலக்கும் வேலை பல தோட்டங்களில் பொம்பளைங்க கையில். வெறுங்கை. கர்ப்பமா இருந்தாலும் அஞ்சாம் மாசம் வரைக்கும் வேலைக்குப் போவாங்க. குழந்தையோட மூளை வளர அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பியிருக்கும் காலமே முதல் சில மாசங்கள்தான்.

இதைப் படிச்சதும் இன்பாக்ஸில் என்ன கேப்பீங்கன்னு தெரியும். "டாக்டர், அப்போ திராட்சை சாப்பிடலாமா?"

சாப்பிடுங்க. ஓடும் தண்ணியில் நல்லாக் கழுவிச் சாப்பிடுங்க. உங்க தட்டுக்கு வர்றது மிச்சம் மீதி. அதைப் பத்தி யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கு. முழுசா வாங்கிக்கிறது பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்னு மேல பார்த்து அடிக்கிறாரே, அவர் கழுத்தும் முகமும். அவர் சட்டையை வீட்டில் பிள்ளைங்க துணியோட சேர்த்துத் துவைக்கிறாங்களே, அந்த வாளி.

சட்டம் என்ன செய்யுதுன்னும் சொல்லிடறேன். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு 2005லேயே மத்திய அரசு சொல்லியாச்சு. தற்கொலைகள் பெருகுதுன்னு சில வருஷம் முன்னாடி தமிழக அரசு அது உள்பட ஆறு மருந்துகளின் விற்பனையை நிறுத்தினது. எவ்வளவு நாள்? 60 நாள். 1968ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் மாநிலத்துக்கு இருக்கும் அதிகாரம் அவ்வளவுதான். இழுத்தா இன்னொரு 30 நாள். நிரந்தரத் தடை டெல்லி கையில். இருபது வருஷம் உடம்பில் ஏறுறதை அறுபது நாளில் என்ன பண்றது?

என் கிளினிக்கில் "என்ன வேலை"க்கு அடுத்து "மருந்தடிப்பீங்களா, கலக்குவீங்களா, என்ன மருந்து" என்ற மூணு கேள்வி உண்டு. அடிக்கிறவங்கன்னா வயசு முப்பதானாலும் சர்க்கரை பார்த்துடுவேன். கர்ப்பமான்னு சந்தேகம் இருந்தாலே கலக்குற வேலை வேண்டாம்மா, மேஸ்திரிகிட்ட கொத்து வேலை, கட்டு வேலை கேளுங்கன்னு சொல்வேன். தைராய்டும் பார்ப்பேன். அந்த அண்ணனுக்கு மாத்திரை கொடுத்திருக்கேன். வேலையை விடுங்கன்னு சொல்லலை. விட்டா சாப்பாட்டுக்கு நான் கொடுக்கப் போறதில்லை. காத்துக்கு முதுகு காட்டி அடிங்க, ஒழுகுற டேங்கை மாத்தச் சொல்லுங்க, முழுக்கைச் சட்டை போடுங்க, சோப்புப் போட்டுக் கை கழுவாம பீடியைத் தொடாதீங்க, அந்தச் சட்டையைத் தனியா அலசுங்க. இவ்வளவுதான் சொல்ல முடிஞ்சது.

மருந்தடிக்கிறவங்க, கலக்குறவங்க உங்க வீட்டில் இருந்தா ஒரு உதவி. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போறப்ப அந்தப் பாட்டில், பாக்கெட் லேபிளை எல்லாம் போனில் படம் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. பேர் தெரியணும்னு இல்லை. லேபிளில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்புன்னா அதிக நஞ்சு, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. பச்சையா இருந்தாலும் படம் எடுங்க. அந்த நிறம் சொல்றது உள்ளே போனா எவ்வளவு சீக்கிரம் ஆளைக் கொல்லும் என்பதை மட்டும்தான். எம்-45 பச்சைதான்.