கடற்கரை உலா

சென்னைமாநகரின் கீழ்பால் விரிந்து கிடக்கும் மெரீனாக் கடற்கரையில் மாலைப்பொழுதில் உலாவுதல் நகரமாந்தர்க்கு நெடுநாட் பழக்கமாகும். அலுவல் முடித்தோர் காற்று வாங்க வருவர். சிறார் அலைவாயிற் கால் நனைத்து ஆர்ப்பர். சுண்டல் விற்போர் மணலிடையே கூவித் திரிவர். சாலையோர நடைபாதையிற் செல்வார்க்கு, 1968ஆம் ஆண்டின் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற சான்றோர் உருவங்கள் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் ஒன்று, திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்ட போப்பையருடையது. சிவநேயர் அதன்முன் சற்றே நின்று செல்லுதல் இயல்பே.

இந்நடைபாதை ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தே, 1884ஆம் ஆண்டளவில் அமைந்தது. அதற்கு முன்னர்க் கடல் இச்சாலையை அடுத்தே அலைத்தது. இன்றோ மணலிற் கால் ஓய நடந்தே அலையை அடைதல் வேண்டும். இம்மணற்பரப்பு வந்தவாறு யாங்ஙனமெனின், ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கினின்றும் வடக்கே கொண்டு செல்வன; வாடைக்காலத்துச் சின்னாள் மாறி ஓடுவன. 1876இல் தொடங்கிய துறைமுகப் பணியிற் கடலினுள் நீண்ட கற்சுவர்கள் அவ்வோட்டத்தைத் தடுத்தன. தடையுண்ட மணல் தென்பாற் குவிந்தது. மணல்வரவு குறைந்த வடகரையைக் கடல் அரிக்கலாயிற்று.

அவ்வடகரைக்கண் உள்ளது திருவொற்றியூர். மூவர் முதலிகளும் பாடிய திருத்தலம். கலியநாயனார் திருவிளக்குத் தொண்டு புரிந்த பதி. எல்லாந் துறந்த பட்டினத்தடிகள் சிவலிங்கமாய்ச் சமைந்த இடமும் ஆங்குக் கடலோரத்தே உளது. அக்கரையில் மீனவர் குடியிருப்புக்கள் பல அலைவாய்ப்பட்டன. எஞ்சிய கரையைக் கருங்கற் குவியல்களே காத்து நிற்கின்றன. எனவே, தென்கரையார் உலாவி மகிழும் மணலில் வடகரையார்க்குச் சேரவேண்டியதும் கலந்துளது.

இனி, 'வடகரையார் இழப்பு அவர்தம் வினைப்பயன். அதற்கு நாம் செய்யக் கிடந்தது யாது?' என்பாரும் உளர். இது சித்தாந்தங் கற்றார் கூற்றாகாது. இன்பதுன்பங்கள் பிராரத்தத்தான் வருவன என்பது உண்மையே. ஆயின் அவ்வுண்மை, தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தற்குக் கூறப்பட்டதன்றிப் பிறர் துன்பத்தைப் புறக்கணித்தற்குக் கூறப்பட்டதன்று. நுகருங்கால் 'யான், எனது' என்று முனைவதனாலன்றோ ஆகாமியம் ஏறுகின்றது! அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அறங்களை எண்ணுங்கால் அன்பையும் அருளையும் தொடக்கத்தே வைத்தமையும் நினைக்கத்தக்கது.

ஆதலின், உலாவுதலைக் கைவிட வேண்டுவதில்லை. அம்மணல் தம் முயற்சியால் வந்ததன்றென்பதை உணர்ந்து உலாவுக. ஒருநாளேனும் வடக்கே சென்று தியாகேசப் பெருமானைத் தொழுது, பட்டினத்தடிகள் சந்நிதியில் நின்று, அக்கரை வாழ்வாரின் குறையையும் கேட்டு, இயன்றது செய்க. கடற்காற்று உடலுக்கு நலந்தரும். 'எனது' என்னும் முனைப்பு ஒருசிறிது தேய்தலோ உயிருக்கு நலந்தரும்.

திருச்சிற்றம்பலம்.