நிலவும் நெகடிவும்

தற்செயல் என்ற சொல்லை நண்பர்கள் கொஞ்சம் தாராளமாகவே புழங்குகிறார்கள். கவிதை 'வந்து விழுகிறது'. திருத்தினால் அனுபவம் செத்துவிடும். இந்தக் கட்சிக்காரர்கள் சாட்சிக்கு இழுப்பது புகைப்படத்தைத்தான். க்ஷணத்தில் முடிந்துவிடுகிற கலை அது ஒன்றுதானே என்கிறார்கள். எனக்கோ ஆன்ஸெல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ்' படம்தான் நினைவுக்கு வருகிறது.

1941 நவம்பர் முதல் தேதி மாலை. (தேதியை அவர் மறந்துவிட்டார், நிலவு நின்ற இடத்தை வைத்து வானவியல்காரர்கள் பின்னால் கணக்கிட்டது.) நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். காரில் போய்க்கொண்டிருந்தவர், கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெயிலையும் மேலே நிலவையும் பார்த்து வண்டியை நிறுத்துகிறார். முக்காலியில் நிறுத்தும் பெரிய கேமரா, எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம். அவசரத்தில் லைட் மீட்டர் அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதை வைத்து மனக்கணக்கு. எஃப் 32-இல் ஒரு விநாடி. ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பிச் செருகுவதற்குள் சிலுவைகளில் வெயில் இல்லை. பாங்க்கில் என் கூட்டலையெல்லாம் கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது. அந்த மனக்கணக்கின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இதுவரை கதை நண்பர்கள் பக்கம். ஆனால் கிடைத்த நெகடிவில் முன்புறம் சோகையாக இருந்தது. 1948-இல் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் தோய்த்து அடர்த்தி ஏற்றினார். அச்சிடும்போதும் விடவில்லை. ஆரம்பப் பிரதிகளில் வானம் சாம்பல், மேகக் கீற்றுகள் தெரியும். 1970களின் பிரதிகளில் அநேகமாக முழுக் கறுப்பு. ஒரே நெகடிவ், ஆயிரத்துக்கும் மேல் பிரதிகள்.

எடுக்கும் முன்பே படத்தை மனதில் முழுசாகக் கண்டுவிட வேண்டும் என்பது ஆடம்ஸின் சித்தாந்தம். கண்டிருந்தால் வானம் ஏன் முப்பது வருஷம் நிறம் மாறிற்று? அனுபவமும் கருவியும் அன்று மாலை வரை வந்தன. தான் பார்த்தது என்ன என்பதை இருட்டறையில்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் படுகிறது. பிந்திய கறுப்பு சற்று நாடகத்தனம். நான் சாம்பல் வானத்தின் பக்கம். ஆனால் அந்தத் தேடலை அனுபவத்துக்குச் செய்த துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா இறந்த அன்று இரவு எழுதிய பதினொரு வரிகள் மூன்று வருஷமாக என் மேஜை டிராயரில் கிடக்கின்றன. தொடாதே என்கிறார் நண்பர். போன வாரம் நாலாவது வரியை எடுத்துவிட்டேன். எட்டாவதின் மேல் இப்போது கண்.