இரண்டு பேக்கிங்

பெங்களூர் சிவாஜிநகரில், பழைய உதிரிபாகக் கடைகளின் வரிசைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பட்டறையில், ஒரு மாருதி ஜிப்சியின் எஞ்சினைப் பற்றி மூன்று பேர் ஏறத்தாழ ஓராண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பட்டறைக்காரர், எல்லோரும் அவரை 'பாய்' என்றே அழைப்பார்கள். இன்னொருவன் எரிதல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவன். மூன்றாமவர் அவனுடைய தந்தை. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் காற்றமுக்கி இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டதும், தங்கவயலின் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பத்தினரைப் போல விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோனவர். அந்த ஜிப்சி, பல ஆண்டுகள் பட்டறைக் கூலியில் மிச்சம் பிடித்து அவர் வாங்கிய வண்டி. அவருக்கு முழங்கால் நோவு வந்தபின் அது மகனிடம் வந்தது.

மகனுக்கு அதில் டர்போ பொருத்த வேண்டும் என்ற ஆசை. ஆய்வகத்தில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை ஐந்து ஆண்டுகள் அளந்துகொண்டிருப்பவனுக்கு இப்படியொரு ஆசை வருவது இயல்பே. சட்டப்படி இது சிக்கலான காரியம் என்பதும் அவனுக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறான திருத்தங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிப்படுத்தியது. மூடிய களங்களில் மட்டும் ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டான். எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

டர்போ பொருத்துவோர் முதலில் சந்திக்கும் தடை அமுக்க விகிதம். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடத்துக்கும், மேலே வந்தபின் எஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம் அது. ஏற்கெனவே அமுக்கப்பட்ட காற்றை டர்போ உள்ளே அனுப்ப, பிஸ்டன் அதை மேலும் ஒன்பது மடங்கு அமுக்கினால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் மூலைக்கு வந்து சேருமுன்பே அங்குள்ள கலவை தானாக வெடிக்கும். பட்டறை மொழியில் 'எஞ்சின் அடிக்கிறது'. எனவே விகிதத்தைக் குறைக்க வேண்டும். அதற்கான முறையான வழி, தலையில் குழிவு கொண்ட பிஸ்டன்களைப் போடுவது. மலிவான வழி, சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே தடித்த கேஸ்கெட்டை வைத்து ஹெட்டைச் சற்றே தூக்கிவிடுவது. கிடைக்காவிட்டால் இரண்டு கேஸ்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதும் உண்டு.

மாணவன் கணக்குப் போட்டான். ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 74 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 75.5 மி.மீ.; எனவே ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 324.7 கன செ.மீ. விகிதம் ஒன்பது எனக் கொண்டால் மேலே எஞ்சும் இடம் 40.6. கூடுதலாக ஒரு கேஸ்கெட், அழுந்தியபின் 1.2 மி.மீ. தடிமன் என்றால், 5.3 கன செ.மீ. சேரும். விகிதம் 8.07 ஆகும். எட்டுதான் அவன் வேண்டியது. நான்கு குழிவுப் பிஸ்டன்களுக்கு ஆகும் தொகை அவனுடைய மூன்று மாத உதவித்தொகை. ஒரு கேஸ்கெட்டோ ஓர் இரவு உணவுச் செலவு.

பாய் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. ஹெட்டைக் கழற்றச் சொல்லி, பிஸ்டனின் விளிம்பில் ஈயக் கம்பித் துண்டுகளைக் கிரீஸ் தடவி ஒட்டினார். பழைய பேக்கிங்கை வைத்து ஹெட்டை முறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி கழற்றி, நசுங்கிய ஈயத்தை அளந்தார். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

"இதான் தம்பி சந்து. நீங்க ரெண்டு பேக்கிங் வச்சா இது ரெண்டேகால் ஆயிடும். சந்து பெருசானா காத்து தூங்கிடும்."

பாடநூல்களில் இதற்கு 'ஸ்குவிஷ்' என்று பெயர். பிஸ்டன் உச்சிக்கு வரும் கடைசிக் கணத்தில், அதன் விளிம்புக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையே அகப்படும் கலவை பிதுங்கி நடுவை நோக்கிப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் கலவையைக் கலக்குகிறது, சுடரை விரைவுபடுத்துகிறது. தானாக வெடிக்கக் காத்திருக்கும் ஓரத்துக் கலவையை மெல்லிய இடுக்கில் குளிரவும் வைக்கிறது. ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பக்கவால்வு எஞ்சின்களுக்காக வடிவமைத்த ஹெட்டின் உயிர்நாடி இதுவே. இடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும்வரை இது வேலை செய்யும். இரண்டைத் தாண்டினால் பெயரளவில்தான். தடித்த கேஸ்கெட் ஒரு கையால் விகிதத்தைக் குறைத்து வெடிப்பைத் தள்ளிப்போடுகிறது. மறு கையால் சுடரை மந்தமாக்கி அந்த ஆதாயத்தில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. குழிவுப் பிஸ்டனில் இந்த இழப்பு இல்லை. குழி நடுவில் இருக்கும், விளிம்பு பழைய இடத்திலேயே நிற்கும்.

'ஸ்குவிஷ்' என்பதற்குத் தமிழில் கலைச்சொல் ஆக்க ஒரு குழு உட்கார்ந்திருந்தால் 'பிதுக்கப் பாய்வு' என்பது போல ஏதேனும் கிடைத்திருக்கும். பாய் சொன்ன 'சந்து' பாய்ச்சலைக் குறிக்கவில்லை, பாய்ச்சலை உண்டாக்கும் இடத்தைக் குறிக்கிறது. பட்டறையில் கையால் தொட்டுத் திருத்தக்கூடியது இடம் ஒன்றே என்பதால் அந்தப் பெயர்தான் அங்கு பயன்படும். அதேபோல மாணவன் 'கேஸ்கெட்' என்றபோதெல்லாம் பாய் 'பேக்கிங்' என்றே திருப்பிச் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டிருப்பதாக முதல் மாதம் முழுவதும் இருவருமே நினைத்தார்கள்.

பாய் வேலையை மறுத்துவிட்டார். இன்னொரு தொல்லையையும் சொன்னார்: ஹெட் உயர்ந்தால் டைமிங் பெல்ட்டின் இழுபக்கம் நீளும், கேம் சற்று முன்னால் திரும்பிவிடும். கிராங்கின் கணக்கில் அது ஓரிரு டிகிரிதான். ஆனாலும் கேம் பல்சக்கரத்தை மாற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு பேக்கிங் என்றால் கசிவதற்கு இரண்டு மடங்கு இடம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். மாணவன் வண்டியை நகரின் மறுகோடியில் இருந்த வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனான். அங்கே இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார்கள். காசு போதாததால் இன்டர்கூலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. காற்றழுத்தம் அரை பார் மட்டுமே. விகிதம்தான் குறைந்துவிட்டதே என்ற தைரியம்.

நந்தி மலை ஏற்றத்தில், மூன்றாம் கியரில், தகர டப்பாவில் கூழாங்கற்களை உருட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. சைலன்சர் தகடு தளர்ந்திருக்கும் என்று அவன் எண்ணினான். அடுத்த வளைவில் வண்டி நீலப் புகை கக்கியது. சிவாஜிநகருக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது பாய் ஒரு சொல்லும் பேசாமல் அழுத்தமானியை ஒவ்வொரு பிளக் துளையிலும் வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டர்கள் ஒத்துப்போயின, மூன்றாவது மட்டும் பாதிக்கும் கீழே. திறந்து பார்த்தால் பேக்கிங் இரண்டும் ஒரு சொட்டும் கசியாமல் நலமாக இருந்தன. பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடைப்பட்ட மேடு ஒரு நகம் அளவுக்கு உடைந்து போயிருந்தது.

உடைந்த பிஸ்டனைவிட, அப்பாவிடம் என்ன சொல்வது என்பதே அவனுக்குப் பெரிதாக இருந்தது. மறைக்க முயன்றான். ஆனால் பாய்க்கும் அவருக்கும் இருபது ஆண்டுப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதியவர் ரயிலேறி வந்து, பட்டறை முக்காலியில் உட்கார்ந்து, பிஸ்டனைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "காத்து எவ்வளவு சூட்டுல உள்ள போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

மகனிடம் விடை இல்லை. அளக்கவில்லை.

சுரங்கத்தின் பாறைத் துளைப்பான்கள் அமுக்கிய காற்றில் ஓடியவை. பெரிய காற்றமுக்கிகள் இரண்டு கட்டங்களில் அமுக்கும். முதல் கட்டத்திலிருந்து வெளிவரும் சூடான காற்று நீர்க்குழாய்களிடையே புகுந்து ஆறிய பின்புதான் இரண்டாம் கட்டத்துக்குள் நுழையும். அந்த ஆற்றியைக் கவனிப்பதுதான் அவருடைய வேலையின் பெரும்பகுதி. "டர்போ முதல் கட்டம், உன் சிலிண்டர் ரெண்டாம் கட்டம். நடுவுல ஆத்தாம எப்படிப்பா அனுப்புன?"

அன்றிரவு மாணவன் போட்ட கணக்கு, முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கு. வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ். பழைய எஞ்சினில் ஒன்பது மடங்கு அமுங்கியபின் அது ஏறத்தாழ 380 டிகிரி. விகிதத்தை 8.07-ஆகக் குறைத்தால் 355. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது 25 டிகிரி. ஆனால் அரை பார் அழுத்தம் ஏற்றும் ஒரு சாதாரண டர்போவிலிருந்து காற்று வெளிவரும்போதே 87 டிகிரி அளவில் இருக்கும். அதைக் குறைந்த விகிதத்திலேயே அமுக்கினாலும் 475. நடுவில் ஓர் இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு ஆற்றியிருந்தால் 400-க்கும் கீழே நின்றிருக்கும். ஒரு பேக்கிங்கோடு, விகிதத்தைத் தொடவே தொடாமல், காற்றை மட்டும் ஆற்றியிருந்தாலும் 425. அவன் செய்ததைவிட அது 50 டிகிரி குறைவு. இக்கணக்கு வெப்பத்தை மட்டுமே பார்க்கிறது. அழுத்தமும், தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளாமல் விட்ட பிழையும் தனி. ஆகவே பழி முழுவதையும் கேஸ்கெட்டின்மேல் போடுவது நியாயமாகாது. ஆயினும் அவன் நம்பிக்கை முழுவதையும் வைத்த இடம் அதுவே.

பெரிய நிறுவனங்களும் இந்தக் குறுகிய தேர்வில் தடுமாறியவைதாம். 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரலே கோர்வேர் ஸ்பைடர் என இரண்டு டர்போ கார்கள் வெளிவந்தன. ஸ்பைடர் விகிதத்தை எட்டாகக் குறைத்துக்கொண்டது. ஜெட்ஃபயர் 10.25 என்ற உயர்ந்த விகிதத்தை வைத்துக்கொண்டு, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்துக் கலவையைக் குளிர்வித்தது. பொறியியல் நோக்கில் ஜெட்ஃபயரின் வழி கூர்மையானது. விகிதத்தைக் குறைத்தால் டர்போ ஓயும் நேரத்திலும் எரிபொருள் வீணாகிக்கொண்டேயிருக்கும். இலட்சியச் சுழற்சியின் கணக்கிலேயே ஒன்பதிலிருந்து எட்டுக்கு வருவது செயல்திறனில் இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகளைத் தின்றுவிடும். ஆனால் உரிமையாளர்கள் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். ஜெட்ஃபயர் இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது.

மாணவன் நான்கு மாதம் காசு சேர்த்தான். ஒவ்வொன்றிலும் 5.8 கன செ.மீ. குழிவு கொண்ட நான்கு பிஸ்டன்கள் வந்தன. கிரில்லுக்குப் பின்னால் இன்டர்கூலர் ஏறியது. ஒரே ஒரு பேக்கிங், நிறுவனம் கொடுத்த அதே தடிமனில்.

ஹெட்டை மூடும் நாளன்று தந்தையும் வந்திருந்தார். பாய் ஈயக் கம்பியை ஒட்டினார், முறுக்கினார், கிராங்கைச் சுற்றச் சொன்னார். இந்த முறை சுற்றியவன் மாணவன். ஹெட் மீண்டும் கழன்றதும் பாய் நசுங்கிய துண்டை எடுத்து, தான் அளக்காமல், மைக்ரோமீட்டரோடு முக்காலிப் பக்கம் நீட்டினார்.

"அண்ணே, நீங்க பாருங்க. எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல."

அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். முதியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்துப் பக்கம் திரும்பி, அளவைப் படித்தார்.